சூட்டில் இறுகும் பூச்சு: துப்பாக்கியின் உலோகப் பாகங்களுக்கு அடிப்பது எப்படி?

ஓவனில் வைத்து இறுக்கிய பூச்சு ஆறே மாதத்தில் உரிந்தால் எல்லோரும் முதலில் பெயின்டைத்தான் குறை சொல்வார்கள். உரிந்து விழுந்த செதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தால் பெயின்ட் உலோகத்தைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். இடையில் எண்ணெய் இருந்திருக்கிறது, அல்லது உலோகத்தைச் சொரசொரப்பாக்காமலே அடித்திருக்கிறார்கள். இந்த வேலையில் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கும் நேரம் கொஞ்சம்தான். அதற்கு முன்னால் செய்யும் கழுவலும், துகளைக் காற்றோடு பீய்ச்சி உலோகத்தைச் சொரசொரப்பாக்கும் பிளாஸ்டிங்கும்தான் பூச்சு நிற்குமா நிற்காதா என்பதைத் தீர்மானிக்கின்றன. அதனால் இங்கும் அவற்றுக்கே அதிக இடம்.

எந்தப் பூச்சு?

சூட்டில் இறுகும் பூச்சுகளில் பரவலாகப் புழங்குவது இரண்டு வகை. ஒன்று, செராகோட் ஹெச் சீரிஸ் போன்ற செராமிக் கலந்த இரண்டு பாகப் பெயின்ட். நிறத்தோடு கேட்டலிஸ்ட்டை, அதாவது அதை இறுகவைக்கும் ஹார்டனரை, அளந்து கலந்து அடிக்க வேண்டும். இன்னொன்று, கேஜி கன்கோட் போன்ற ஒரே பாகப் பெயின்ட். கலக்க வேண்டிய கேட்டலிஸ்ட் கிடையாது, இறுக்குவது முழுக்கச் சூடுதான். சரியாக அடித்தால் சுமார் 25 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அல்லது அதற்கும் குறைவான தடிமன்தான் வரும்.

இந்த மெல்லிய தடிமன்தான் இவற்றின் பலம். பவுடர் கோட்டிங் உறுதியானதுதான், ஆனால் 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும், 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடும் கேட்கும். அதைத் துப்பாக்கியில் அடித்தால் ஸ்லைடு நகராது, பின் உள்ளே போகாது. வேலிக்கும் சைக்கிளுக்கும் அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

சுடும்போது மிகக் கடுமையாகச் சூடேறும், பேரல் முனையில் மாட்டும் மசில் பிரேக் போன்ற பாகங்களுக்கு, அதிக வெப்பம் தாங்கவென்றே வரும் வேறு வகைப் பூச்சு வேண்டும். சாதாரண வகை அங்கே நிறம் மாறிக் கருகிவிடும்.

ஆரம்பிக்கும் முன்

மேகசினைக் கழற்றுங்கள், சேம்பரைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. சொந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் உங்கள் ஊர்ச் சட்டம் இந்த வேலையை யார் செய்யலாம் என்று சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். அடுத்தவர் துப்பாக்கியில் கூலிக்குச் செய்யப் பல நாடுகளில் தனி உரிமம் வேண்டும். எங்கே இருந்தாலும் மாறாத விதி ஒன்று உண்டு. சீரியல் எண்ணும் புரூஃப் முத்திரையும் (துப்பாக்கி சோதிக்கப்பட்டதற்கான அடையாளம்) வேலை முடிந்த பிறகும் தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும்.

சமையலுக்குப் பயன்படும் ஓவனை இதற்குத் தொடவே தொடாதீர்கள். தோட்டாவின் பிரைமரில் உள்ள ஈயம் துப்பாக்கியின் மூலைமுடுக்கெல்லாம் படிந்திருக்கும், பெயின்டிலிருந்து வரும் ஆவியும் ஓவன் சுவரில் ஒட்டும். ஒருமுறை இந்த வேலைக்குப் போன ஓவன் பிறகு உணவுக்கு ஆகாது.

தேவையானவை: மின்சார ஓவன், அதற்குள் வைக்கத் தனித் தெர்மோமீட்டர் அல்லது கே டைப் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி), ஈரப்பொறி பொருத்திய கம்ப்ரசர், 0.8 மில்லிமீட்டர் நாசில் உள்ள குறைந்த காற்றழுத்தத்தில் அடிக்கும் சின்ன ஹெச்விஎல்பி ஸ்ப்ரே கன், பிளாஸ்டிங் கேபினெட், 100 அல்லது 120 கிரிட் அலுமினியம் ஆக்சைடு, அசிட்டோன், பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை, மில்லிலிட்டர் கோடு போட்ட சிரிஞ்ச், பெயின்ட் வடிகட்டி, சூடு தாங்கும் பாலியெஸ்டர் டேப், சிலிகான் பிளக், தொங்கவிட இரும்புக் கம்பி. மூச்சுக்கு ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் வேண்டும். துணி மாஸ்க் கரைப்பான் ஆவியை நிறுத்தாது. வாங்கிய பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருப்பதாக டப்பாவில் போட்டிருந்தால் கேட்ரிட்ஜும் போதாது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க் வேண்டும்.

பிளாஸ்டிங்குக்கு ஆற்று மணலோ கடல் மணலோ கூடவே கூடாது. அதன் சிலிக்கா தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரும், வந்தால் குணமாகாது. கண்ணாடி மணியும் இதற்கு உதவாது. அது உலோகத்தை வெட்டாது, தட்டித்தட்டி மழுக்கும். பெயின்ட் பிடிக்கக் கூர்மையான பள்ளங்கள் வேண்டும், அதை அலுமினியம் ஆக்சைடு தரும்.

கழற்றுதலும் கழுவுதலும்

கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள். சைட், எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின், ஸ்பிரிங், பிளாஸ்டிக், ரப்பர், எதுவும் மிஞ்சக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து, சின்னப் பாகங்களைப் பெயர் எழுதிய தனித்தனிப் பையில் போடுங்கள். ஸ்பிரிங்கை ஓவனில் வைக்க வேண்டாம். நீண்ட நேரச் சூட்டில் அதன் விறைப்பு குறையலாம், அதற்குப் பூச்சும் தேவையில்லை.

பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியில் ரிப் என்னும் நீளப் பட்டை ஈயப்பற்றால் ஒட்டப்பட்டிருக்கும். சாதாரண ஈய வெள்ளீயப் பற்று 183 டிகிரியில் உருகத் தொடங்கும். 120 டிகிரி பூச்சு அதைத் தொடாது, ஆனால் 150க்குப் போகும்போது ஓவனின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 7075 அலுமினிய ரிசீவர் என்றாலும் தாழ்ந்த சூட்டைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அந்த உலோகக் கலவைக்கு வலிமை ஏற்றும் சூட்டுப் பதமே சுமார் 120 டிகிரிதான். அதற்கு வெகுமேலே நெடுநேரம் வைத்தால் வலிமை இறங்கத் தொடங்கும்.

கரியையும் பழைய எண்ணெயையும் முதலில் பிரஷ் போட்டுத் துலக்குங்கள். பிறகு மூடியுள்ள உலோகத் தட்டில் அசிட்டோனை ஊற்றி அரை மணி நேரம் பாகங்களை ஊறவிடுங்கள். எடுத்ததும் அந்த அசிட்டோனைப் பாருங்கள். பழுப்பு நிறம் ஏறியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி மறுபடி ஊறவையுங்கள். அழுக்கு அசிட்டோனில் ஊறிய பாகம் காயும்போது அந்த எண்ணெயே மெல்லிய படலமாக மேலே தங்கிவிடும். அசிட்டோன் உறைபனிக் குளிரிலும் தீப்பிடிக்கும் ஆவியை விடும். நெருப்புப் பக்கமோ சுவிட்ச் பக்கமோ வைக்காமல், காற்றோட்டமான வெளியிடத்தில் செய்யுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தவிருங்கள். அதன் மிச்சம் கடும் சூட்டிலோ நெருப்பிலோ பட்டால் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும்.

இந்த நொடியிலிருந்து வெறும் விரல் படக் கூடாது. ஒரு விரல் ரேகை போதும், அந்த வடிவத்திலேயே பூச்சு பின்னால் பெயர்ந்து வரும்.

மறைந்திருக்கும் எண்ணெயை வெளியே வரவழைத்தல்

பலர் தாண்டிப் போவது இந்தக் கட்டத்தை. தாண்டவே கூடாதது இதுதான்.

அசிட்டோன் முழுதாகக் காய்ந்த பிறகு பாகங்களை ஓவனில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். அலுமினியம், பற்றுவைத்த பாகம் என்றால், பின்னால் பெயின்டை இறுக்கப் போகும் சூட்டைவிடப் பத்து டிகிரி கூடுதலாக வைத்தால் போதும். முன் சைட் உட்காரும் டவ்டெயில் பள்ளத்தை அப்போது கவனியுங்கள். கழுவி முடித்துச் சுத்தமாக இருந்த இடத்தில், உலோகம் சூடேறியதும் விளிம்பில் முதலில் ஒரு ஈர மினுமினுப்பு தெரியும். பிறகு அது பழுப்புக் கோடாகக் கீழே வழிந்து பாதியில் காயும். பல வருடமாக இடுக்கில் இறங்கிய எண்ணெய் அது. ஸ்க்ரூ துளை, ரோல் பின் துளை, பேரல் ரிசீவரில் திருகி இறங்கும் மரை, வார்ப்பு உலோகத்தின் நுண்துளை, பழைய பாஸ்பேட் பூச்சு, எல்லாவற்றிலும் இப்படித்தான். இங்கே வெளியே வராத எண்ணெய், பெயின்டை இறுக்கும்போது வரும். அப்போது அது பெயின்டுக்கு அடியிலிருந்து கொப்புளமாக எழும்பும்.

கோடு தெரிந்தால் ஆறவிட்டு மறுபடி அசிட்டோனில் ஊறவைத்து, மறுபடி ஓவன். கோடு வராமல் நிற்கும் வரை இப்படியே. பிடிவாதமான பாகத்துக்கு மூன்று சுற்றுகூடத் தேவைப்படும். பிளாஸ்டிங்குக்கு முன்னாலேயே இதை முடிப்பதற்குக் காரணம் உண்டு. எண்ணெய்ப் பாகத்தை உள்ளே விட்டால் கேபினெட்டில் இருக்கும் மொத்தத் துகளும் கெட்டு, அடுத்தடுத்து வரும் பாகங்களுக்கெல்லாம் எண்ணெயைப் பூசிக்கொண்டிருக்கும்.

எதை மூட வேண்டும்?

பெயின்ட் படும் ஒவ்வொரு பரப்பிலும் 25 மைக்ரான் வரை ஏறுகிறது. ஒன்றோடொன்று உரசும் இரண்டு பாகத்துக்கும் அடித்தால் இடைவெளியில் 50 மைக்ரான் போய்விடும். தாராளமாக ஆடும் பாகத்தில் அது தெரியாது, இறுக்கமாகப் பொருந்திய ஸ்லைடில் நிச்சயம் தெரியும்.

கட்டாயம் மூட வேண்டியவை: பேரலின் உள்துளை, சேம்பர், மசில் கிரவுன் (பேரல் முனையின் விளிம்பு), போல்ட் முகம், லாக்கிங் லக் (போல்ட்டைப் பூட்டும் பற்கள்), ஃபயரிங் பின் ஓடும் துளை, கேஸ் துளையும் பிஸ்டன் ஓடும் பரப்பும், எல்லா மரைகளும். ட்ரிகரும், ஹாமரைப் பிடித்து நிறுத்தும் சியரும் ஒன்றையொன்று தொடும் பரப்பில் பிளாஸ்டிங்கும் கூடாது, பெயின்டும் கூடாது. அந்த விளிம்பு மழுங்கினாலோ தடித்தாலோ துப்பாக்கி தானாக வெடிக்கும் நிலை வரலாம். அந்தப் பாகங்களைப் பூச்சுக்கே கொண்டுவராமல் தனியாக எடுத்துவைப்பதுதான் சரி.

பேரலின் இரண்டு முனைக்கும் சிலிகான் பிளக். கிரவுனின் விளிம்பு பிளக்குக்கு வெளியே தெரியாதபடி டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். பிளாஸ்டிங்குக்கு ஒட்டிய டேப்பையே பெயின்டுக்கும் விட்டுவிட வேண்டாம். அதன் ஓரத்தில் துகள் சிக்கியிருக்கும், அடிக்கும்போது பறந்து ஈரப் பெயின்டில் விழும்.

பிளாஸ்டிங்

இரும்புக்கும் ஸ்டெயின்லெஸுக்கும் காற்றழுத்தம் 80 முதல் 100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) இருக்கட்டும். அலுமினியத்துக்கும் மெல்லிய தகட்டுக்கும் நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நாசிலைச் சற்றுச் சாய்த்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். எங்கே திருப்பினாலும் மினுமினுப்பே இல்லாத ஒரே சாம்பல் நிறம் வர வேண்டும். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் விட்டுப்போன இடம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஸ்டெயின்லெஸில் இதில் சலுகையே கிடையாது, வழவழப்பான ஸ்டெயின்லெஸை எந்தப் பெயின்டும் பிடிக்காது. அனோடைஸ் செய்த அலுமினியத்தில் அந்த அடுக்கை முழுக்க எடுக்க வேண்டியதில்லை, மேலே சொரசொரப்பானால் போதும்.

சீரியல் எண் இருக்கும் இடத்தில் அழுத்தத்தைக் குறைத்து ஒரே ஒருமுறை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஆழமில்லாமல் லேசர் போட்ட எண் என்றால் பிளாஸ்டிங்கின்போது அதன்மேல் டேப்பை ஒட்டி, பிறகு டேப்பை எடுத்துவிட்டுப் பெயின்டையும் மெல்லிசாக அடிப்பது உத்தமம்.

முடிந்ததும் உலர்ந்த காற்றால் ஒவ்வொரு துளையையும் ஊதித் துகளை வெளியேற்றுங்கள். பிளாஸ்ட் செய்த இரும்பு வெறும் உடம்போடு நிற்கிறது. ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே துருவின் செம்மை ஏறத் தொடங்கும். அதனால் பிளாஸ்டிங்கும் பெயின்டும் ஒரே நாளில்.

கலப்பது

செராமிக் பெயின்டின் கனமான துகள்கள் அடியில் படிந்திருக்கும். குச்சியை விட்டுப் பார்த்தால் அடியில் களிபோல எதுவும் ஒட்டாத நிலை வரும் வரை டப்பாவைக் குலுக்க வேண்டும். சரியாகக் குலுக்காமல் ஊற்றினால் முதல் துப்பாக்கி ஒரு நிறம், கடைசித் துப்பாக்கி வேறு நிறம்.

ஹெச் சீரிஸில் வழக்கமான கலவை கன அளவில் 18க்கு 1. அதாவது 36 மில்லிலிட்டர் நிறத்துக்கு 2 மில்லிலிட்டர் கேட்டலிஸ்ட். 12க்கு 1 என்று கேட்டலிஸ்டைக் கூட்டினால் பளபளப்பு கூடும், 24க்கு 1 என்று குறைத்தால் மங்கலாக வரும். நிறத்துக்கு நிறம் இது மாறும் என்பதால் அந்த நிறத்தின் தாளில் உள்ளதே கடைசி வார்த்தை. சிரிஞ்சால் அளக்க வேண்டும், கண் அளவு கூடாது. சின்ன அளவில் கலக்கும்போது அரை மில்லிலிட்டர் தவறினாலே விகிதம் எங்கேயோ போய்விடும். ஒரு கைத்துப்பாக்கிக்கு 30 முதல் 60 மில்லிலிட்டர், ரைஃபிளின் உலோகப் பாகங்களுக்கு 120 மில்லிலிட்டர் வரை கலந்தால் போதும். வடிகட்டாமல் கன்னில் ஊற்ற வேண்டாம்.

இதே கலவையை, இதேபோலப் பிளாஸ்ட் செய்த ஒரு துண்டுத் தகட்டிலும் அடித்து ஓவனில் கூடவே வையுங்கள். சோதனையெல்லாம் அந்தத் தகட்டில்தான், துப்பாக்கியில் இல்லை.

அடிப்பது

ஸ்ப்ரே கன்னில் காற்றழுத்தம் 25 முதல் 30 பி.எஸ்.ஐ. தூரம் 10 முதல் 15 சென்டிமீட்டர். பாகத்தில் வெளியே தெரியாத ஒரு துளையில் கம்பியை மாட்டி, எல்லாப் பக்கமும் எட்டும்படி தொங்கவிடுங்கள். உள்மூலை, பள்ளம், துளை விளிம்பு இவற்றை முதலில் அடித்துவிட்டு அகலமான பரப்புக்கு வாருங்கள். தலைகீழாகச் செய்தால் மூலையை எட்டுவதற்குள் அகலப் பரப்பில் இரண்டு மடங்கு ஏறிவிடும்.

ஸ்ப்ரே கன்னின் ட்ரிகரை அழுத்துவது பாகத்துக்கு வெளியே, விடுவதும் வெளியே. ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். இரண்டு பாகப் பெயின்ட் பரப்பில் விழும்போது ஈரமாக மினுங்க வேண்டும். அந்த மினுக்கம் வந்த நொடியே நகர்ந்துவிடுங்கள், நின்றால் வழியும். ஒரு பாகப் பெயின்டுக்கு முறை வேறு. பாகத்தைக் கைக்கு இதமான 40 முதல் 50 டிகிரி வரை சூடாக்கிக்கொண்டு, மூன்று நான்கு மெல்லிய படலமாக ஏற்ற வேண்டும். சூடான உலோகத்தில் கரைப்பான் உடனே பறந்துவிடுவதால் வழியாது.

இறுக்குவது

அடித்த கையோடு சூடான ஓவனில் தள்ளாதீர்கள். 15 முதல் 20 நிமிடம் வெளியே தொங்கட்டும். மேல்தோல் மூடிக்கொண்ட பிறகு உள்ளிருக்கும் கரைப்பான் கொதித்தால் ஊசித்துளையாக வெடித்து வெளியேறும். நிறைய கரைப்பான் ஆவி ஓவனுக்குள் தேங்கினால் தீ அபாயமும் உண்டு. கேஸ் ஓவன் இந்த வேலைக்கு ஆகாது.

ஹெச் சீரிஸுக்கு 121 டிகிரியில் 2 மணி நேரம், அல்லது 149 டிகிரியில் 1 மணி நேரம். கன்கோட் வகைக்குப் பொதுவாக 150 முதல் 163 டிகிரியில் 1 மணி நேரம். நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டியது ஓவனின் விளக்கு அணைந்ததும் இல்லை, உலோகம் அந்தச் சூட்டை எட்டியதும்தான். கனமான பேரலும் மெல்லிய தகடும் ஒன்றாக உள்ளே போனால் தகடு சூடாகி வெகுநேரம் கழித்துத்தான் பேரல் சூடாகும். தெர்மோகப்பிளை மிகக் கனமான பாகத்தோடு ஒட்டவையுங்கள். ஓவன் முகப்பில் உள்ள குமிழை நம்ப வேண்டாம், உள்ளே பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்குவது சாதாரணம். வெள்ளை, வெளிர் நிறங்கள் அதிகச் சூட்டில் மஞ்சளடிக்கும், அவற்றுக்குத் தாழ்ந்த சூடும் நீண்ட நேரமும்தான் வழி.

முடிந்ததும் ஓவனை அணைத்துக் கதவைத் திறந்து, கை தாங்கும் அளவுக்குத் தானாக ஆறட்டும்.

சோதிப்பது

சோதனைத் தகட்டில் வெள்ளைத் துணியை அசிட்டோனில் நனைத்து 25 தடவை முன்னும் பின்னும் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினாலோ பரப்பு பிசுபிசுத்தாலோ சரியாக இறுகவில்லை. கேட்டலிஸ்ட் சரியாக இருந்து சூடு மட்டும் குறைந்திருந்தால் மறுபடி ஓவனில் வைத்துக் காப்பாற்றலாம். கேட்டலிஸ்டே குறைவு என்றால் பிளாஸ்ட் செய்து மறுபடி முதலிலிருந்து.

பிடிப்பைப் பார்க்க, ஏ.எஸ்.டி.எம். டி3359 என்னும் தரநிலைச் சோதனை முறையில், 50 மைக்ரானுக்குக் கீழான பூச்சில் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் நீளவாக்கில் 11 கோடும் குறுக்கே 11 கோடும் கூர்மையான பிளேடால் உலோகம் வரை கீறுங்கள். நூறு சின்னக் கட்டம் கிடைக்கும். டேப்பை ஒட்டித் தேய்த்து, பின்பக்கமாக மடக்கிச் சட்டென்று இழுங்கள். ஒரு கட்டம்கூட டேப்போடு வரக் கூடாது.

தப்பு எங்கே நடந்தது?

மீன் கண்போல வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகி நின்றால் எண்ணெய் அல்லது சிலிகான். கம்ப்ரசரிலிருந்து வரும் எண்ணெய்த் துளியாகவும் இருக்கலாம். வெள்ளைத் தாளில் வெறும் காற்றை அரை நிமிடம் ஊதிப் பாருங்கள், கறை விழுந்தால் திருடன் பிடிபட்டான். அதே அறையில் சிலிகான் ஸ்ப்ரே அடித்திருந்தாலும் இதே கதிதான்.

தொட்டால் மணல்போல நெறுநெறுவென்று இருந்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து விழுந்திருக்கிறது. தூரத்தைக் குறையுங்கள், காற்றழுத்தத்தையும் குறையுங்கள். ஆரஞ்சுத் தோல்போலக் குழிகுழியாக இருந்தால் பெயின்ட் பொடியாகச் சிதறவில்லை, அல்லது ஒரே மூச்சில் தடிமனாக அடித்திருக்கிறீர்கள். வழிந்த கோடு ஈரமாக இருக்கும்போதே தெரிந்தால் அசிட்டோனால் முழுப் பாகத்தையும் கழுவி, காயவிட்டு மறுபடி அடியுங்கள். அந்த இடத்தை மட்டும் துடைத்துத் திருத்தினால் தழும்பாகத் தெரியும். ஸ்க்ரூ துளையைச் சுற்றி மட்டும் கொப்புளம் என்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். எண்ணெயை வரவழைக்கும் சுற்று ஒன்று குறைந்திருக்கிறது.

திரும்பச் சேர்ப்பது

டேப்பையும் பிளக்கையும் எடுத்துவிட்டு விளக்கை வைத்து பேரலின் உள்ளே பாருங்கள். ஒரு துகளோ டேப் துண்டோ இருக்கக் கூடாது. பூச்சில்லாமல் விட்ட எல்லா இடத்துக்கும் உடனே எண்ணெய் போடுங்கள், இப்போது துருவுக்குத் திறந்து கிடப்பவை அவைதான். நகரும் பாகங்களை எண்ணெயோடு கையால் ஐம்பது அறுபது தடவை முன்பின் ஓட்டினால் மேடான இடங்கள் தேய்ந்து வழிவிடும். எங்காவது சிக்கினால் பளபளக்கும் தடம் எங்கே விழுகிறது என்று பார்த்து, அங்கே மட்டும் 1000 கிரிட் தாளால் லேசாகத் தேயுங்கள். சியர், லாக்கிங் லக் பக்கம் தாள் போகவே கூடாது.

தோட்டா இல்லாமல் சேஃப்டி, ட்ரிகர், டிஸ்கனெக்டர் (ஒரு அழுத்தலுக்கு ஒருமுறை மட்டுமே சுடவிடும் பாகம்) மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சேஃப்டி போட்ட நிலையில் ட்ரிகரை அழுத்துங்கள், ட்ரிகரை விட்டுவிட்டு சேஃப்டியை விலக்குங்கள். அந்த நொடியில் ஹாமர் விழுந்தால் துப்பாக்கி மேசையை விட்டு நகரக் கூடாது. கழற்றிப் பாருங்கள், படக் கூடாத இடத்தில் எங்கோ பெயின்ட் பட்டிருக்கிறது.